மறுநாள் பேசியது

டிவிக்கென்று கம்ப்யூட்டர் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் பெரிதாக வாங்கிவிடுகிறார்கள். அது தப்பு. படம் பார்ப்பதற்கும் பாட்டுக் கேட்பதற்கும் அவ்வளவு பலம் தேவையில்லை. பெரிய பெட்டி என்றால் உள்ளே காற்றாடி இருக்கும். காற்றாடி இருந்தால் இரைச்சல் இருக்கும். படத்தில் யாராவது மெதுவாகப் பேசுகிற இடத்தில் அந்த இரைச்சல்தான் முன்னால் வந்து நிற்கும். நீங்கள் என் வீட்டிலிருந்து கழற்றிக்கொண்டு வந்து மேசைமேல் வைத்திருக்கிறீர்களே, அதில் காற்றாடி கிடையாது மேடம். மேலெல்லாம் அலுமினியம். சூட்டை அதுவே வெளியே விட்டுவிடும். ஓடுகிறதா, நிற்கிறதா என்று கையை வைத்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அதை வாங்கியவன் என் மகன் ஆனந்தகுமார். நான் பழைய சாமான்களை வைத்தே காலம் தள்ளுகிறவன். எலச்சிபாளையத்துப் பக்கம் எங்கள் ஊரிலும் சுற்றியிருக்கிற தோட்டத்து வீடுகளிலும் வெகுகாலம் கேபிள் டிவி நடத்தினேன். காளியண்ணன் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது, கேபிள்காரர் என்றால்தான் வழி சொல்வார்கள். சொந்தமாக ஒரு லோக்கல் சேனலும் வைத்திருந்தேன். தேர்த்திருவிழா, கல்யாண வீடியோ, கோழித்தீவனக் கடை விளம்பரம், யாராவது இறந்துபோனால் போட்டோவோடு அடக்கம் செய்யும் நேரம், எல்லாம் அதில் ஓடும். பிறகு டிஷ் வந்தது, அதற்குப் பிறகு போன் வந்தது, வீடு வீடாக வயரைக் கழற்றச் சொன்னார்கள். கடைசியில் ராசம்மாள் என்கிற அம்மாவின் வீடு ஒன்றுதான் மிச்சம். அந்த ஒரு வீட்டுக்காகவும் சேனலை ஓட்டினேன். டீக்கடையில் எல்லோரும் கேலி செய்தார்கள். பார்க்க ஒரு வீடு இருக்கிறவரைக்கும் சேனல் உயிரோடு இருக்கிறது என்றுதான் அர்த்தம். அந்த அம்மா மகள் வீட்டுக்குக் குடிபோன பிறகுதான் நிறுத்தினேன்.

எனக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. சேனலில் ஓட்டிய எதையும் அழித்ததில்லை. கேசட்டில் இருந்ததைச் சிடியில் ஏற்றினேன், சிடியில் இருந்ததை ஹார்ட் டிஸ்கில் ஏற்றினேன். இறந்துபோனவரின் முகம் வேண்டும் என்று ஆட்கள் வருவார்கள். கோயில் பண்டிகையில் எங்கள் அய்யன் வடம் பிடித்தாரே, அது இருக்கிறதா என்பார்கள். எடுத்துக் கொடுப்பேன். வாங்கிப் பார்க்கும்போது அவர்கள் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். அழித்துவிட்டால் அந்த ஆள் இன்னொரு முறை செத்துவிடுவார் என்று எனக்கு ஒரு நினைப்பு.

ஆனந்துக்கும் மோகனப்பிரியாவுக்கும் தை மாதம் கல்யாணம் செய்து வைத்தோம். பிரியா பள்ளிபாளையத்துப் பெண். அவள் அப்பா நாச்சிமுத்து விசைத்தறி ஓட்டுகிறவர், ஒரே மகளை பி.ஃபார்ம் வரை படிக்க வைத்திருந்தார். கல்யாணமாகி மாசி வருவதற்குள் என் மனைவி சாரதாமணிக்கு ஒரு பக்கம் விழுந்துவிட்டது. வலது கையும் காலும் வரவில்லை, பேச்சு குழறியது. கண்ணும் முன்பே மங்கல். ஹாலில் டிவிக்கு எதிரே கட்டிலைப் போட்டோம். அவளுக்கு டிவிதான் துணை. சேனலுக்கு வைத்திருந்த பழைய கம்ப்யூட்டரை அதில் மாட்டினேன். அது மாவுமில் மாதிரி இரையும். அவளுக்குத் தலை வலித்தது.

ஆனந்து ரிக் வண்டியில் இருந்தான். எங்கள் பக்கத்தில் பாதி வீட்டுப் பையன்கள் அந்த வேலைதான், வடக்கே போய் ஆழ்துளைக் கிணறு போடுவார்கள். போனால் மாதக்கணக்கில் வரமாட்டார்கள். சித்திரையில் லீவுக்கு வந்தபோது இந்தச் சின்னப் பெட்டியை வரவழைத்தான். டிவிக்குப் பின்னால் ஒட்டினான். டிவி தலைமேல் ஒரு கேமராவும் வைத்தான்.

"அப்பா, இதுல சத்தமே வராதுங்க. அம்மா தூங்கறப்பக்கூட ஓடும். இனி நான் போன்ல வர்ல, டிவிலயே வாரேன். அம்மாவுக்கு மொகம் பெருசாத் தெரியுமில்லீங்க" என்றான்.

அப்படியே வந்தான். வேலை முடிந்து சாயந்தரம் கூப்பிடுவான். சுவரளவு முகம். சாரதாமணி இடது கையைத் தூக்கி அந்த முகத்தைத் தடவுவது போல் காற்றில் தடவுவாள். அவன் கூப்பிடாத நாளில் முந்தாநாள் பேசியதையாவது போடுங்கள் என்பாள். அதற்காகத்தான் அழைப்புகள் எல்லாம் பதியும்படி செய்துவைத்தேன். அவன் பக்கத்துப் படமும் குரலும் மட்டும் பதியும், நாங்கள் பேசுவது பதியாது. அவன் பேசிவிட்டு, நாங்கள் பேசுவதைக் கேட்டபடி சும்மா பார்த்துக்கொண்டிருப்பான். பிறகு, "ஆமாங்கம்மா" என்பான். அந்தச் சும்மா பார்க்கிற இடங்கள்தான் பிற்பாடு எனக்கு உதவின.

மகனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவனுக்குச் சட்டென்று கோபம் வரும். கோபத்தில் எதையாவது சொல்லிவிடுவான். மறுநாள் அவனே கூப்பிட்டுச் சமாதானம் சொல்லிவிடுவான். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஒருநாள் தாமதம், அவ்வளவுதான்.

அடுத்த மாசியில் சத்தீஸ்கரில் ஒரு கிராமத்தில் ரிக் வண்டியின் மாஸ்டை, அந்த நெட்டைக் கம்பத்தை, தூக்கும்போது அது மேலே போன மின்கம்பியில் பட்டுவிட்டது. வண்டியைத் தொட்டுக்கொண்டு நின்றவன் அவன் ஒருவன்தான்.

வெளியூரில் இறந்தவரின் உடலை வீட்டுக்குள் கொண்டுவருகிற வழக்கம் எங்களிடம் இல்லை. ஆம்புலன்ஸ் நேராகக் காவிரிக்கரைக்கு வந்தது. அங்கேயே எல்லாம் முடிந்தது. சாரதாமணியிடம் ஒரு கல்யாணத்துக்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனோம். அவளுக்கு ரத்தக் கொதிப்பு அப்போது ஏறிக் கிடந்தது. அதிர்ச்சியான சேதி எதுவும் சொல்லவேண்டாம் என்று டாக்டர் சொன்னார். ஊரே ஒத்துக்கொண்டது. எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் வாசலில் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து, மழையைப் பற்றியும் மரவள்ளிக் கிழங்கு விலையைப் பற்றியும் பேசிவிட்டுப் போவார்கள். நல்ல ஜனங்கள்.

பிரியா தாலியைக் கழற்றக் கூடாது என்று நான்தான் சொன்னேன். பொட்டும் பூவும் இருக்கட்டும் என்றேன். சாரதாமணிக்குக் கண் மங்கல்தான், ஆனால் நெற்றி வெறுமையாக இருந்தால் தெரிந்துவிடும். ஊரில் என்னைப் பெருமையாகப் பேசினார்கள். மருமகளுக்குப் பூவையும் பொட்டையும் எடுக்க விடாத மாமனார் என்று மகளிர் குழுக் கூட்டத்தில்கூடச் சொன்னார்களாம். எனக்குக் கூச்சமாக இருந்தது. மறுக்கவில்லை.

அவன் ஏன் கூப்பிடவில்லை என்று சாரதாமணி கேட்க ஆரம்பித்தாள். ஒருநாள் மாத்திரையைத் துப்பிவிட்டாள். சாயந்தரம் பழைய அழைப்பு ஒன்றைப் போட்டேன். பழையது என்று சொல்லத்தான் நினைத்தேன், சத்தியமாக. அவன் முகம் வந்ததும் அவள், "வந்துட்டியா சாமி" என்றாள். அவன், "என்னுங்கம்மா, மாத்தர போட்டீங்களா?" என்றான். அவள் என்னைப் பார்த்து வாயைத் திறந்தாள். நான் மாத்திரையை வைத்தேன், விழுங்கினாள். அதன்பிறகு எப்படிச் சொல்வது?

லோக்கல் சேனல் நடத்தியவனுக்கு அது பெரிய வேலையில்லை. அவன் தலையாட்டுகிற இடம், சிரிக்கிற இடம், "ஆமாங்கம்மா" என்கிற இடம், "அடுத்த மாசம் வந்தர்றனுங்க" என்கிற இடம், எல்லாவற்றையும் தனித்தனியாக வெட்டி வைத்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு பொத்தான். கையடக்க ரிமோட் ஒன்றை மடியில் வைத்துத் துண்டைப் போட்டு மூடிக்கொள்வேன். அவள் கேட்பதைக் கேட்டு அழுத்துவேன். பொருத்தமான பதில் இல்லாவிட்டால் படத்தை நிறுத்திவிட்டு, நெட் சரியில்லை என்பேன். பெட்டி மூச்சுகூட விடாது. பழைய கம்ப்யூட்டராக இருந்திருந்தால் படம் மாறும்போதெல்லாம் உறுமிக் காட்டிக் கொடுத்திருக்கும்.

பிரியாவும் பக்கத்தில் உட்கார வேண்டியிருந்தது. பதிவில் அவன், "பிரியா எங்க?" என்று கேட்பான். அவள் வந்து, "இங்கதானுங்க இருக்கறேன்" என்று சொல்லவேண்டும். முதல்நாள் அவளால் முடியவில்லை, அடுப்படிக்குள் போய்விட்டாள். இரண்டு பேருக்கும் சண்டையா என்று சாரதாமணி கவலைப்பட்டாள். மறுநாள் நான் பிரியாவிடம் எடுத்துச் சொன்னேன்.

"அத்தைக்காகத்தான அம்முணி. ஒரு பத்து நிமிசம். கொஞ்சம் சிரிச்ச மொகமா இரு."

"செரீங்க மாமா" என்றாள்.

கெட்டிக்காரி. நான் எதிர்பார்த்ததைவிட நன்றாகச் செய்தாள். ஒருநாள் சாரதாமணி, "ஏஞ்சாமி, எப்பப் பாத்தாலும் இந்தச் சட்டையே போட்டிருக்கறே" என்றாள். நான் துண்டுக்குள் பொத்தானைத் தேடினேன். பிரியா சிரித்துக்கொண்டே, "ரிக்குல எல்லாருத்துக்கும் இதே சட்டதான் குடுத்துருக்கறாங்களாமுங்க அத்தை, யூனிபாரம்" என்றாள். நான் சேனல் நடத்தியபோது அவ்வளவு சமயோசிதமான ஆள் ஒருவர்கூட எனக்கு வாய்க்கவில்லை.

அவள் அழுது நான் பார்க்கவில்லை. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் உள்ளேயே இருப்பாள். மொட்டைமாடித் தொட்டி காலியாகிவிடும். தண்ணீர் தீர்ந்துவிடுகிறது அம்முணி என்று ஒருநாள் சொன்னேன். அதன்பிறகு குழாய்ச் சத்தம் கேட்கவில்லை. கண் வீங்கிய முகத்தோடு டிவி முன்னால் உட்கார்ந்தால் மகன் கேமராவில் பார்த்துக்கொண்டிருப்பதாக நம்புகிற சாரதாமணி என்ன நினைப்பாள் என்பதுதான் என் கவலை.

ஆடி பிறந்ததும் நாச்சிமுத்து வந்தார். ஆடிக்கு மகளை அழைத்துப் போவது வழக்கம், அதை யாரும் தடுக்கமாட்டார்கள் என்று அந்தச் சமயம் பார்த்து வந்திருந்தார். ஆனால் திரும்ப அனுப்புகிற எண்ணம் அவருக்கு இல்லை. வாசலிலேயே என்னிடம் நேராகச் சொல்லிவிட்டார்.

"சம்மந்தி, தப்பா நெனச்சுக்காதீங்க. அவ அங்கயே இருக்கட்டுமுங்க. ஈரோட்டுல ஒரு மெடிக்கல் ஷாப்புல வேல சொல்லி வெச்சிருக்கறேன். இருவத்துநாலு வயசுங்க அவளுக்கு. செத்துப்போன புருசன்கிட்ட தெனமும் சிரிச்சுப் பேசிக்கிட்டு எத்தன நாளைக்குங்க இருப்பா?"

நியாயமான பேச்சு. அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. முகம் கழுவிவிட்டு வாருங்கள், டீ குடித்துவிட்டுப் போகலாம் என்றேன். பிரியா பையைக் கட்டிக்கொண்டு வந்து ஹாலில் வைத்தாள். சாரதாமணி பையைப் பார்த்துவிட்டு, எங்கே போகிறாய் என்றாள். ஆடிக்குப் போகிறேன் அத்தை என்றாள் பிரியா. அவள் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. மாசிக்குப் பிறகு அந்த முகத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். இவள் போய்விட்டால் இந்த வீட்டில் பாதி நினைவும் பாதிக் கண்ணுமாக ஒரு நோயாளியும் நானும்தான். ஆனந்து யாரிடம் பேசுவான் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன், மாற்றிச் சொல்லவில்லை.

டிவியைப் போட்டேன்.

போன வருஷம் ஆடிக்கும் இதேபோல ஒரு பேச்சு நடந்திருந்தது. அது பிரியாவுக்குத் தலை ஆடி. சாரதாமணி அப்போது தன் கையால் சாப்பிடக்கூட முடியாமல் இருந்தாள். அம்மா வீட்டுக்குப் போகட்டுமா என்று பிரியா கேட்டதும் ஆனந்துக்குக் கோபம் வந்துவிட்டது. அந்த அழைப்பைத்தான் போட்டேன். முன்பின் வெட்டவில்லை. அவன் பேசியபடியே ஓடியது.

"பிரியா, அம்மா இப்படிக் கெடக்கறப்ப நீ ஊட்ட உட்டுட்டு எங்கீம் போகக்கூடாது. போனீன்னா அப்பறம் எங்கூடப் பேசாத."

ஹாலில் நாங்கள் நான்கு பேர். நாச்சிமுத்து கையில் டீ டம்ளரோடு நின்றார். மாப்பிள்ளையின் முகத்தை அவ்வளவு பெரிதாக அவர் அதற்கு முன் பார்த்ததில்லை. சாரதாமணி எதிரே இருப்பதால் அவரால் வாய்விட்டு ஒன்றும் சொல்லமுடியாது. அவன் இறந்துவிட்டான் என்பதை அந்த ஹாலில் உரக்கச் சொல்லாமல் அவருக்கு என்னை மறுத்துப் பேச வழியில்லை. சாரதாமணி மட்டும், "ஏஞ்சாமி, அந்தப் புள்ளயத் திட்டறே, போயிட்டு வரட்டும்" என்று குழறினாள். அவன் முறைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான். அதற்குப் பதில் என்னிடம் இருந்த பொத்தான்களில் இல்லை. நெட் போய்விட்டது என்றேன்.

பிரியா பையை எடுத்து உள்ளே வைத்தாள். நாச்சிமுத்து டீயைக் குடிக்காமல் பஸ்ஸுக்குப் போனார்.

நான் ஒரு பதிவை ஓட்டினேன், அவ்வளவுதான். இருப்பதா, போவதா என்பது அவள் எடுத்த முடிவு. இதுவரை நான் எல்லோரிடமும் இப்படித்தான் சொல்லி வந்தேன். உங்களிடம் முழுதாகச் சொல்கிறேன்.

அவர் போனபிறகு பிரியா அடுப்படியிலிருந்து வந்தாள். அழவில்லை.

"மாமா, இதுக்கு மறுநாள் ஒண்ணு பேசினாருங்களே" என்றாள்.

"ஆமா அம்முணி."

"அதுவும் இருக்குமில்லீங்க? நீங்க எதையும் அழிக்கமாட்டீங்களே."

"இருக்கோணும். பழசெல்லாம் கலந்து கெடக்குது. தேடிப் பாக்கறேன்."

"அதப் போட்டுடுங்க மாமா. ஒருக்கா அதக் கேட்டுட்டுப் போயிர்றேன். இதக் கேட்டதோட போனா மனசுக்கு ஒரு மாதர இருக்குதுங்க."

சரி என்றேன்.

அவள் காத்திருந்தது அதற்குத்தான். இதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும் மேடம். அவளுக்குப் புத்தி கெட்டுவிட்டது, அவன் உயிரோடு இருப்பதாக நம்பிவிட்டாள் என்று இப்போது அவள் கிடக்கிற ஆஸ்பத்திரியில் பேசிக்கொள்கிறார்களாம். அது பொய். அவன் இறந்ததும் தெரியும், டிவியில் வருவது பழைய பதிவு என்பதும் தெரியும். போகாதே என்று அவன் சொன்னதை அவள் இறந்தவனின் வாயால் கேட்டுவிட்டாள். போ என்று சொன்னதையும் அதே வாயால் ஒருமுறை கேட்டுவிட்டுப் போக நினைத்தாள். வேறொன்றும் கேட்கவில்லை.

தினமும் சாயந்தரம் முகம் கழுவி, பொட்டு வைத்து, கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து உட்காருவாள். நான் போடுகிற பதிவு எதுவென்று கூர்ந்து பார்ப்பாள். அது இல்லை என்று தெரிந்ததும் வழக்கம்போலப் பேசுவாள், சிரிப்பாள். முடிந்தபிறகு ரகசியமாக, "கெடச்சுதுங்களா மாமா?" என்பாள். இன்னும் இல்லை அம்முணி, நாளைக்குப் பார்க்கலாம் என்பேன். நாச்சிமுத்து போனில் கூப்பிட்டால், வந்துவிடுகிறேன் அப்பா, ஒரு சின்ன வேலை பாக்கி இருக்கிறது என்பாளாம்.

சாரதாமணி எப்போது வருவாய் என்று மகனிடம் கேட்பதை ஆவணியில் நிறுத்திவிட்டாள். நிம்மதி வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். அவன் பேசும்போது அவனைப் பார்க்காமல் பிரியாவையே பார்த்துக்கொண்டிருப்பாள். புரட்டாசியில் ஒருநாள் என் கையைப் பிடித்து, "அந்தப் புள்ளயக் கொண்டுபோயி அவங்கம்மாகிட்ட உட்டுருங்க" என்றாள். குழறல் இல்லாமல் சுத்தமாகச் சொன்னாள். நினைவு தப்பிப் பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அந்த வாரத்திலேயே போய்விட்டாள். தூக்கத்தில்தான் போனாள். என் மடியில் ரிமோட் இருந்தது. எத்தனையோ பொத்தான்கள் வைத்திருந்தேன், அவளுக்கு ஒன்றுகூட உதவவில்லை. அவளில்லாமல் இருப்பது இன்னும் எனக்குப் பழகவில்லை.

யாருக்காக இதையெல்லாம் செய்தேனோ அவள் போனபிறகு நிறுத்தியிருக்க வேண்டும் என்று நீங்கள் சொல்வீர்கள். நாச்சிமுத்துவும் அதைத்தான் சொன்னார். காரியம் முடிந்து உறவுக்காரர்கள் எல்லாம் போனபிறகு கட்டிலைத் தூக்கி ஓரமாக வைத்தேன். சாயந்தரமானதும் கை தானாக டிவியைப் போட்டது. அவன் முகம் வந்தது. "என்னுங்கம்மா, மாத்தர போட்டீங்களா?" என்றான். ஹாலில் யாருமில்லை. ஆளில்லாத வீட்டில் அவன் கேட்டுவிட்டுப் பதிலுக்காகப் பார்த்துக்கொண்டிருந்தான். அதை என்னால் தாங்கமுடியவில்லை. "அம்முணி, பையன் லைன்ல இருக்கறான்" என்று கூப்பிட்டேன். பிரியா உள்ளேயிருந்து வந்தாள். பொட்டு வைத்திருந்தாள். வந்து தரையில் உட்கார்ந்து அவனைப் பார்த்து, "அத்த மாத்தர போட்டுட்டாங்க" என்றாள்.

அவன், "செரீங்கம்மா" என்றான். என் மகன் செத்துப்போகவில்லை என்று அந்த நிமிஷம் எனக்குத் தோன்றியது.

ஐப்பசி, கார்த்திகை எல்லாம் அப்படியே போயின. அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை. வளையல் முழங்கைவரை ஏறியது. இரண்டு முறை அவளே அந்தப் பெட்டியைத் திறந்து தேடப் பார்த்தாள், நான் பாஸ்வேர்டு மாற்றிவிட்டேன். ஏதாவது அழிந்துவிடப் போகிறது அம்முணி என்றேன். நான் கதவைப் பூட்டவில்லை. போனைப் பிடுங்கவில்லை. அடித்ததில்லை, ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. சில சாயந்தரங்களில் பதிவு முடிந்ததும் டிவிக்குப் பின்னால் கையைவிட்டு அந்தப் பெட்டியைத் தொட்டுப் பார்ப்பேன். இளஞ்சூடாக இருக்கும். சின்ன வயதில் அவனுக்குக் காய்ச்சல் என்றால் முதுகில் கை வைத்துப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன்.

மார்கழியில் கோலம் போடப் போனவள் வாசலிலேயே விழுந்துவிட்டாள். பக்கத்து வீட்டு மாரியப்பன்தான் தூக்கிக்கொண்டு போனார். பிறகு நாச்சிமுத்து வந்து ஈரோட்டு ஆஸ்பத்திரிக்கு மாற்றினார். ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் புகார் கொடுத்தார். அவர் கொடுத்தது சரிதான்.

டாக்டர்கள் குழாய் வழியாக உணவு ஏற்றுகிறார்கள் என்று சொன்னீர்கள். சாயந்தரமானால் எழுந்து உட்கார்ந்து, மாமா தேடி எடுத்துவிட்டாரா என்று நர்ஸிடம் கேட்கிறாளாம். அந்த ஒரு பதிவைக் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டினால் ஒருவேளை சாப்பிடுவாள் என்று நாச்சிமுத்து உங்கள் காலில் விழாத குறையாகக் கேட்டிருக்கிறார். உங்கள் கம்ப்யூட்டர் ஆட்களும் பெட்டியைக் குடைந்துவிட்டார்கள். அவன் கூப்பிட்ட எல்லா நாளும் இருக்கிறது, போன வருஷ ஆடியில் ஒரே ஒரு நாள் மட்டும் இல்லை. அது எங்கே என்றுதான் காலையிலிருந்து கேட்கிறீர்கள். நான் கேபிள் கதை, காற்றாடிக் கதை எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அதைத் தேடவேண்டாம். நாச்சிமுத்து முகம் கழுவப் போனாரே, அப்போது இரண்டு பதிவுகளும் என் முன்னால் இருந்தன. பக்கத்துப் பக்கத்து நாள், தேடவே தேவையில்லாமல் வரிசையாக இருந்தன. ஹெட்போனைக் காதில் மாட்டி இரண்டாவதைக் கேட்டேன். எனக்கு அழுகை வந்தது, அவ்வளவு நல்ல பிள்ளை. பிறகு அதை அழித்தேன். குப்பைத்தொட்டியையும் காலி செய்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு பழைய தேர்த்திருவிழாப் பதிவை எழுதி நிரப்பினேன். எப்பேர்ப்பட்ட ஆள் வந்தாலும் இனி மீட்கமுடியாது. எனக்கு அந்த வேலை தெரியும். அதற்கு அப்புறம்தான் டிவியைப் போட்டேன். தேடிப் பார்க்கிறேன் அம்முணி என்று நான் அவளிடம் சொன்னபோது அது இல்லை. அவள் பொட்டு வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்த எந்தச் சாயந்தரத்திலும் அது இல்லை.

வாழ்நாளில் நான் அழித்த பதிவு அது ஒன்றுதான்.

அதில் இருந்தது எனக்கு மனப்பாடம். வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள். "நேத்துப் பேசினத மனசுல வெச்சுக்காத பிரியா. கிறுக்கனாட்டம் பேசிப் போட்டேன். நீ போ. அம்மாவ அப்பா பாத்துக்குவாரு. நீ எங்க இருந்தாலும் எனக்குச் சந்தோசந்தான்." கடைசியில் கொஞ்சம் சிரிப்பான். ஆஸ்பத்திரிக்குப் போய் நானே இதை அவளிடம் சொல்லட்டுமா என்று நாச்சிமுத்துவிடம் கேட்டுப் பாருங்கள். சொன்னால் அவள் நம்புவாளா என்று தெரியவில்லை. இத்தனை மாதமாக என் வாயிலிருந்து அவளுக்கு வந்ததெல்லாம் நாளைக்கு என்பதுதானே.

மகனை உயிரோடு வைத்திருந்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன் மேடம். அவன் உயிரோடு இருந்திருந்தால் அவளைப் போ என்றுதான் சொல்லியிருப்பான். அது எனக்குத் தெரியும். அவன் சொன்னதை என் காதால் கேட்டேன். அதனால்தான் அழித்தேன்.